சிவப்புக் குழாய்த் தண்ணீர்

அமீரகத்தின் அஜ்மானில் மார்கழி மாலை. குளியலறைக் கூரைக்குள் இருக்கும் வெந்நீர்க் கொதிகலனை டார்ச் வெளிச்சத்தில் ஆராய்ந்துவிட்டு, ஏணியிலிருந்து இறங்குகிறான் பழுதுபார்க்க வந்த நாகலிங்கம். “ஹீட்டர் நல்லாத்தான்க்கா இருக்கு, பிராப்ளம் மாஃபி, ஒண்ணுமே இல்ல. கதவுக்கு மேல சுவிட்சை ஆஃப் பண்ணி வெச்சுட்டு, தண்ணி சுடலைன்னு கம்ப்ளெய்ண்ட் குடுத்திருக்கீங்க.” பானுமதி நிமிர்ந்து பார்க்கிறாள். அது சித்திரையில் அவள் கணவன் பாஸ்கர் அணைத்த சுவிட்ச். கோடையில் மொட்டைமாடித் தொட்டியின் நீர் கையைச் சுடும். அணைத்துவைத்த கொதிகலனில் தங்கும் நீர் மட்டும் வீட்டின் ஏசியில் ஆறி, வெந்நீருக்கான சிவப்புக் குழாயில் குளிர்ந்து வரும். “சிவப்புக் குழாயைத் தொற பானு, குத்தாலம் கொட்டும்” என்று ஆண்டுதோறும் சிரிப்பான். குளிர்காலம் வந்ததும் அவனே மறுபடி போட்டுவிடுவான். இந்த ஆடியில் நெஞ்சுவலி அவனைக் கொண்டுபோய்விட்டது. “போட்டுடட்டுமாக்கா?” நாகலிங்கத்தின் விரல் சுவிட்சருகே நிற்கிறது. “கொஞ்சம் இருங்க தம்பி.” அவள் உள்ளே சென்று சிவப்புக் குழாயைத் திறக்கிறாள். இரு கைகளிலும் நீரை ஏந்தி முகத்தில் வைத்துக்கொள்கிறாள். சில்லென்றிருக்கிறது. இன்னொரு முறை ஏந்துகிறாள். பிறகு குழாயை மூடி, முகத்தைத் துடைக்காமலே வெளியே வருகிறாள். “இப்பப் போடுங்க.” கதவுக்கு மேலே சிறிய சிவப்பு விளக்கு எரிகிறது.