மிதவைக் கயிறு

ஊரைவிட்டுப் பிழைக்க வந்த தென்கோடிக் கடலில் மூன்று நாள் வெறும் வலை. நான்காம் நாள் மத்திக் கூட்டம் மொத்தமாக அகப்பட்டது. அதைத் துரத்தி வந்த ஆறு பென்குயின்களும் உள்ளே மாட்டின. மத்தி குறையக் குறைய பென்குயின் இனமே அருகிவிட்ட கடல் அது.

"மிதவைக் கயித்த அமுக்கினா பென்குயினு வெளிய போயிரும், மாமா," என்றான் கூட வலை இழுக்கும் ஜெரோன்ஸ்.

"மீனும் போயிரும்லா," என்றார் படகோட்டி சூசை. ஆனாலும் கழியை எடுத்து, வலையின் மேல்விளிம்பை மிதக்கவைக்கும் கயிற்றை நீருக்குள் அழுத்தினார்.

"மொதலாளி கேட்டா?"

"சூசைதான் தொறந்து விட்டாம்னு சொல்லு. பேரத் தெளிவாச் சொல்லுடே."

ஐந்து பறவைகள் கயிற்றைக் கடந்து வெளியேறின. ஆறாவது மட்டும் வலைக்குள்ளேயே தலை நிமிர்ந்து, நிதானமாக மத்தி விழுங்கிக்கொண்டிருந்தது. மீன்கள் வெள்ளியாக வெளியே வழிந்தன.

"திங்கட்டும்," என்றார் சூசை. கயிற்றை அழுத்திய கழியை அவர் விலக்கவில்லை.