ஒட்டியிருக்கும் என்று கொள்க

விரலை விட்டுப் பார்த்தாள். மணிக்கட்டு வரை உள்ளே போனது.

காற்றாலையின் கான்கிரீட் அடித்தளத்துக்கும் சுற்றியிருந்த மண்ணுக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி. மேலே இறக்கைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

மண் கையை மெல்ல இறுக்கியது. விட்டது. மறுபடி இறுக்கியது.

பக்கத்துக் காற்றாலை போன வாரம் அடியோடு சாய்ந்துவிட்டது. ஆடுகளோடு அதன் நிழலில் ஒதுங்கியிருந்தவர் அங்கேயே செத்துப்போனார்.

அவர் மனைவி மாடத்தி பின்னால் நின்றிருந்தாள்.

“காத்தடிச்சா தரை வாயைத் தொறக்கும்மா. பொறவு மூடிக்கிடும். மழைன்னா சேத்தைக் கக்கும். மூணு வருசமா சொல்லுதோம்.”

கையை உள்ளே விட்டிருந்தவள்தான் விசாரணைக் குழுவின் மண் வல்லுநர்.

இந்த அடித்தளங்களுக்கான கணக்கைப் போட்டதும் அவள்தான். குழுவில் அவளுக்கும் தலைவருக்கும் மட்டுமே அது தெரியும். அவர் அவளுடைய பழைய பேராசிரியர்.

பதினோரு வருடத்துக்கு முன், முனைவர் பட்டத்துக்குச் செய்த கணினி மாதிரி. காற்று கோடி முறை ஆட்டினால் கான்கிரீட் மண்ணை என்ன செய்யும், மண் கான்கிரீட்டை என்ன செய்யும்.

மண் விலகலாம் என்று வைத்தால் கணக்கு பாதியில் நின்றது. ஏழு மாதமாக நின்றது. வீட்டில் கல்யாணத் தேதி குறித்துவிட்டார்கள்.

“ஒட்டியே இருக்கும்னு வச்சுக்கோம்மா. முடிச்சிடலாம்.”

பேராசிரியர்தான் சொன்னார்.

வைத்துக்கொண்டாள்.

அரை மணி நேரத்தில் விடை வந்தது. பட்டம் வந்தது. அந்தக் கணக்கை வைத்து ஒரு கம்பெனி இங்கே பதினான்கு காற்றாலைகளை நிறுத்தியது.

மாலையில் விருந்தினர் விடுதியில் உட்கார்ந்து அறிக்கை எழுதினாள். மண் விலகும் என்பதைக் கணக்கில் கொள்ளாததே காரணம். கணக்கு என்னுடையது. மீதிப் பதின்மூன்றையும் உடனே நிறுத்த வேண்டும்.

எழுதி முடித்ததும் பல நாள் கழித்துப் பசித்தது.

பேராசிரியர் நின்றபடியே படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை படித்தார். பிறகு மூன்று வரிகளையும் அடித்தார். மேலே சின்ன எழுத்தில் எழுதினார்: எதிர்பாராத சூறைக்காற்று.

“எனக்கென்ன, ரிட்டயர் ஆயாச்சு. உனக்காகத்தாம்மா.”

பேனாவை அவளிடம் நீட்டினார்.

ஜன்னலுக்கு வெளியே பதின்மூன்றும் சுற்றிக்கொண்டிருந்தன. காற்று நன்றாகவே இருந்தது.

கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

“ரொம்ப நன்றி சார்,” என்றாள்.