பின் சீட்டுக்கடியில் ஒரு கொசு

தணிகாசலம் தன் பழைய காருக்குத் தானே பாட்டு செட் பூட்டினார். பின் சீட்டுக்கடியில் இடம் கிடைத்த ஆம்ப்ளிஃபயருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் போதும், பாட்டோடு சேர்ந்து ‘ஙொய்ய்ய்’ என்று ஒரு கொசுச் சத்தமும் ஏறியது.

“இந்தச் சத்தம் இன்னிக்குள்ள நிக்கலன்னா எல்லாத்தையும் கழட்டிக் கடாசிடுவேன்,” என்றார் தணிகாசலம்.

ஆம்ப்ளிஃபயருக்குப் பகீரென்றது. உடனே இன்ஜின் பக்கம் பார்த்துக் கத்தியது. “டைனமோ அண்ணே, கொஞ்சமாவது நாகரிகம் வேணாமா? பாட்டுக்கு நடுவுல என்ன ஊளை?”

“நான் பொறந்ததுலேருந்து இப்படித்தான்ப்பா சுத்துறேன். நீ வந்தப்புறம்தான் இந்தச் சத்தம்,” என்றது இன்ஜினோடு சுற்றிக் கரன்ட் தரும் டைனமோ.

ஆம்ப்ளிஃபயரின் எர்த் ஒயர் மெல்ல வாயைத் திறந்தது. “அண்ணே, என்னைப் பெயின்ட் மேலயே வச்சு முடுக்கிட்டாரு. இரும்பு எனக்கு எட்டவே இல்ல, அதான் இந்தச் சத்தம். அந்த இடத்தைக் கொஞ்சம் சுரண்டினா…”

“சுரண்டுறதா? என் பக்கத்துல சொறி பிடிச்ச மாதிரி இருக்கும். பேசாம கிட!” என்று அதட்டியது ஆம்ப்ளிஃபயர்.

அதற்குள் தணிகாசலமே உப்புத்தாளோடு வந்துவிட்டார். ஒயரைக் கழற்றி, இரும்பு பளபளக்கும்வரை பெயின்ட்டைத் தேய்த்து, மறுபடி இறுக்கி முடுக்கினார். வண்டியைக் கிளப்பி மிதித்தார். பாட்டு மட்டும்தான் கேட்டது.

ஆம்ப்ளிஃபயர் ஒயரைப் பார்த்துக் கண்ணடித்தது.

“நான் விட்ட டோஸ்ல டைனமோ அண்ணன் எப்படி அடங்கிட்டாரு, பாத்தியா!”