பாயசத்துக்கு ஆகாத விரல்

"அப்பா கரண்டியைத் தொடக் கூடாது, மாமா. சொல்லிட்டேன்!"

கல்யாணப் பந்தலுக்குப் பின்னால், அடுப்படியை மறித்துக்கொண்டு நின்றாள் கோகிலா. மணப்பெண்ணின் அக்கா, மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

மாப்பிள்ளையின் அப்பா நல்லையாவுக்குப் பகீர் என்றது. சம்பந்தி அப்பாசாமி காஜா பெராங்கிலேயே பேர்போன சமையல்காரர். 'விருந்து சம்பந்தி கையால்' என்று தன் ஊர் கிளேபாங் முழுக்க நல்லையா தம்பட்டம் அடித்து, லோரி நிறைய ஆளைக் கூட்டி வந்திருக்கிறார். இப்போது போய் இப்படியா?

"விரல்ல சின்னதா ஒரு கட்டு. அதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

"புண்ணுல சீழ் வச்சா சும்மாவா, மாமா? அந்தக் கிருமி ஆறுற பாயசத்துல விழுந்தா கிடுகிடுன்னு பெருகும். பெருகும்போதே விஷத்தைக் கக்கும்."

"திரும்பக் கொதிக்க வச்சா?"

"கிருமி சாகும். கக்கின விஷம் சாகாது. சாப்பிட்டவங்க வீடு போய்ச் சேர்றதுக்குள்ள குமட்டும், வாந்தி வரும், வயித்தால போகும். உங்க லோரி வழிநெடுக நின்னு நின்னுதான் போகும்!"

"ஐயையோ, போதும்மா!" நல்லையா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "சரி, தள்ளி நின்னு சொல்லியாவது குடுக்கட்டுமே?"

"அவரா? உப்பு பார்க்கிறேன்னு விரலை விட்டுடுவாரு!"

அப்பாசாமி கட்டுப் போட்ட விரலைத் தூக்கிப் பிடித்தபடி பரிதாபமாக நின்றார். நல்லையாவுக்கே மனசு கேட்கவில்லை.

"விடுங்க சம்பந்தி. நாட்டுக்கே மெர்டேக்கான்னு சுதந்திரம் கிடைச்சாச்சு, உங்களுக்கும் இன்னிக்குக் கிடைச்சதா நினைச்சுக்குங்க."

கையாள் பொன்னுதுரை கரண்டியைப் பிடித்தான். அப்பாசாமி குளித்து, பட்டு வேட்டி கட்டி, மணவறையில் உட்கார்ந்து மகளைத் தாரை வார்த்தார். கெட்டிமேளம் முழங்கத் தாலி ஏறியபோது குழந்தை மாதிரி அழுதார். அழுதுகொண்டே சிரிக்கவும் செய்தார்.

பொன்னுதுரையின் பாயசமும் சோடை போகவில்லை. வாங்கி வாங்கிக் குடித்த நல்லையா, நிமிர்ந்து எதிர்ப்பந்தியைப் பார்த்தார். அப்பாசாமி கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டு, அப்பளத்தை நொறுக்கிச் சோற்றோடு பிசைந்துகொண்டிருந்தார். விரலில் ஒரு கீறல்கூட இல்லை!

"என்னம்மா கோகிலா இது?"

பாயச வாளியோடு வந்தவள் அவர் காதருகே குனிந்தாள்.

"எனக்குத் தாலி ஏறினப்போ அப்பா அடுப்படியில வடை சுட்டுக்கிட்டிருந்தாரு, மாமா."