உப்புக்குப் பூட்டு

பூட்டில் சுற்றிவைத்த கறுப்பு நூல் அறுபடாமல் இருந்தது. அவள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, குனிந்து முடிச்சையும் ஒரு முறை பார்த்தாள். திருடனை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு அசட்டையாக இருக்க முடியுமா?

திருடன் கட்டிலில் உட்கார்ந்தபடி சிரித்தார்.

"என்ன போலீசம்மா, சரக்கெல்லாம் பத்திரமா இருக்கா?"

"இருக்கு, இருக்கு. கட்டின புருஷனையே காவல் காக்கணும்னு என் தலையில எழுதியிருக்கு."

அலமாரிக்குள் இருந்தது நகையும் இல்லை, பணமும் இல்லை. ஒரு ஜாடி உப்பும், வீட்டுக்கு வந்துபோகிறவர்களுக்காக வைத்திருந்த அரை டப்பா உப்புக்கடலையும்தான். கணவருக்குச் சிறுநீரகம் பழுதான நாளிலிருந்து இரண்டுக்கும் சிறைவாசம். இயந்திரத்தில் ரத்தம் சுத்திகரிப்பதை அவர் இதயம் தாங்காது, வாயைக் கட்டினால்தான் உயிர் என்று ஆஸ்பத்திரியில் அப்போதே சொல்லிவிட்டார்கள்.

ஆனால் முப்பது வருஷம் பூட்டு ரிப்பேர் செய்தவரிடமிருந்து பூட்டைப் போட்டு எதைக் காப்பாற்றுவது? ஒரு கொண்டை ஊசி போதும். கண்ணை மூடித் திறப்பதற்குள் பூட்டைத் திறந்து, கடலையைத் தின்று, மறுபடி பூட்டியும் வைத்துவிடுவார். மீசையில் ஒட்டியிருக்கும் உப்பைத் துடைக்க மட்டும் தெரியாது. அதையும் கற்றுக்கொண்டுவிட்டால் என்ன செய்வது என்றுதான் இந்த நூல்.

இப்போது இரண்டு மாதமாக நூல் அறுபடவே இல்லை. ஆளே மாறிப்போயிருந்தார். கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவள் மருந்து வாங்கும் வரிசையில் நின்றிருந்தாள். அவர் மட்டும் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் கொஞ்சம் கண்டிப்பா இருக்கணுமாம்" என்றார். அன்றைக்குத் திருந்தியவர்தான்.

உருளைக்கிழங்கைத் தண்ணீர் மாற்றி இரண்டு முறை வேகவைத்து, வடித்து, உப்பில்லாமல் மசித்துத் தட்டில் வைத்தாள். முன்பெல்லாம், "சுவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்புகூட இதைவிட ருசியா இருக்கும்" என்று தட்டைத் தள்ளிவிடுவார். இன்று தட்டில் ஒட்டியதைக்கூட வழித்துச் சாப்பிட்டார்.

"இன்னும் ஒரு கரண்டி வை."

"கண்ணு படப்போகுது" என்றாள். அவளுக்கு உள்ளூரப் பெருமை தாங்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அவர் வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு சாவியிலும் ஒரு சின்னச் சீட்டைக் கட்டி, கொட்டை எழுத்தில் எழுதினார். வாசல். பீரோ. தண்ணீர்த் தொட்டி.

"கண்ணைக் கட்டிவிட்டாலும் தடவிப் பார்த்தே சொல்லிடுவீங்களே. இது எதுக்கு?"

"வயசாகுதில்ல, மறந்துபோகுது" என்றார், தலையைத் தூக்காமல்.

பூட்டுக்கடைக்குத்தான் இப்போது போவதில்லை, கைக்கு ஏதோ ஒரு வேலை இருக்கட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். அவர் சாப்பாட்டுக் கணக்கு எழுதும் நோட்டுப்புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள்.

"நூல் இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோங்க."

"நீ போயிட்டு வா. கைதி எங்கே ஓடப்போறான்?"

ஆஸ்பத்திரியில் உணவுமுறை சொல்லித்தரும் பெண்ணுக்கு இவள் மகள் வயதுதான் இருக்கும். அந்தப் பெண்ணின் முன்னால் இவள் நோட்டுப்புத்தகத்தை விரித்துவைத்தாள். காலை என்ன, மதியம் என்ன, எத்தனை டம்ளர் தண்ணீர், எல்லாம் தேதி போட்டு எழுதியிருந்தது.

"ரெண்டு மாசத்துல ஒரு நாள்கூடத் தப்பு பண்ணல மேடம். குழந்தை மாதிரி சொன்ன பேச்சைக் கேட்கிறார். கால்வீக்கம்தான் கொஞ்சம் ஏறியிருக்கு, செருப்பு நுழைய மாட்டேங்குது. ஆனா உப்பால இல்ல, சத்தியமா."

அந்தப் பெண் பக்கங்களைப் புரட்டினாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன். அடுத்த வாரம் எங்க கல்யாண நாள். அன்னைக்கு மட்டும் ஒரு பிடி உப்புக்கடலை கொடுக்கலாமா? பிடி வேண்டாம், பத்தே பத்து. நான் எண்ணித்தான் கொடுப்பேன்."

அந்தப் பெண் இன்னும் புரட்டிக்கொண்டிருந்தாள். நோட்டின் கடைசிப் பக்கம் வந்தது. நேற்று இரவு: உப்பில்லாத கஞ்சி, அரை டம்ளர்.

"இதையெல்லாம் இன்னுமா சாப்பிடுறார்?"

"ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டார்."

"டாக்டர் உங்ககிட்ட எதுவும் பேசலையாம்மா?"

"அவர்கிட்டதான் பேசினாராம். நீங்களும் கூட இருந்தீங்களாமே. இன்னும் கண்டிப்பா இருக்கச் சொன்னீங்கன்னு வந்து சொன்னார். அதுக்கப்புறம்தான் ஆளே மாறிட்டார். உங்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடணும்."

அந்தப் பெண் நோட்டுப்புத்தகத்தை மூடினாள். மேசையைச் சுற்றி வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு இவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே பத்தியத்தால ஒண்ணும் ஆகப்போறதில்ல, பிடிச்சதைச் சாப்பிடுங்கன்னுதாம்மா அன்னைக்கு அவர்கிட்ட சொன்னோம்."