கடைசிப் பங்கு

வரப்போரமாகப் பெருச்சாளி ஒரு பெரிய வளை தோண்ட ஆரம்பித்திருந்தது. அறுவடையானதும் வளை முழுக்க நெல்தான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவந்தது. ஒருநாள் அணிலிடமும் வந்தது.

"தம்பி, கடைசிப் பங்கு ஒண்ணு இருக்கு. உனக்குன்னே எடுத்து வச்சேன். தோண்டுற எலிங்களுக்குத் தீனி போட உன் கடலையைக் குடு. வர்ற நெல்லுல கால்வாசி உனக்கு."

மழைக்காலத்துக்கென்று அணிலிடம் இருந்தது அந்தக் கடலை மட்டும்தான். பெருச்சாளி இத்தனை குழைவாகப் பேசியதே அதற்கு உறுத்தியது.

"நெல்லு கம்மியா வந்தா என்ன பண்ணுவீங்கண்ணே?"

"கடன் கொடுத்தவங்களுக்கு முதல்ல குடுத்துடுவோம். மிச்சத்தைப் பங்குக்காரங்க பிரிச்சுக்குவாங்க. நிறையவே மிஞ்சும், பயப்படாதே."

"கடன் கொடுத்தது யாரு?"

பெருச்சாளி மீசையைத் தடவிக்கொண்டது. "வேற யாரு, நான்தான்."

"அப்ப உங்களுக்குப் பங்கு எதுவும் இல்லையா?"

"எனக்கெதுக்குத் தம்பி பங்கு? அதெல்லாம் உன்னை மாதிரி வளர்ற பிள்ளைங்களுக்கு."

அணில் விறுவிறுவென்று மரமேறி, கடலை இருந்த பொந்தின் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

கீழே பெருச்சாளி மைனாவிடம் பேசுவது கேட்டது.

"கடைசிப் பங்கு ஒண்ணு இருக்கும்மா. உனக்குன்னே எடுத்து வச்சேன்."