ஷேக் குடிக்காத காப்பி

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துட்டாங்க!" என்று ஹுஸ்னா கத்தினாள். ஷேக் நவ்வாஃபும் அவரோடு இருபது பேரும் கார்களிலிருந்து இறங்கி பிளாட்பாரத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அவள் கணவர் தைசீருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டமாஸ்கஸ் ரயில் நின்றுபோனதும் ஆட்டுப்பட்டியாகிவிட்ட ஸ்டேஷன் இது. அதை ஏலத்தில் எடுத்து, வண்டி வண்டியாகப் புழுக்கை அள்ளி, ரொட்டிக்கடை ஆக்கியவர் அவர். டிக்கெட் கொடுத்த ஜன்னலில் இப்போது மகள் ருவைதா சுடச்சுட ரொட்டி விற்கிறாள்.

ஆறு மாதமாக அந்த வரிசையில் முதல் ஆள், ஷேக்கின் தம்பி மகன் ரக்கான். வாங்குவது இரண்டு ரொட்டி, பேசுவது அரைமணி நேரம்.

"அவரு மட்டும் ஏம்மா வெளியவே நிக்கிறாரு?" என்றாள் ருவைதா. ரக்கான் உதடு முணுமுணுக்க, பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தான்.

"வெக்கம்டி! பயத்துல ஓதிக்கிட்டே நடக்குறாரு பாரு" என்று ஹுஸ்னா சிரித்தாள்.

தைசீர் காப்பி ஊற்றி நீட்டினார். ஷேக் வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தார். ஏதோ கேட்க வந்திருக்கிறார், கொடுத்தால்தான் குடிப்பார் என்று அர்த்தம். என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் எவரும் வாக்குக் கொடுப்பார்கள். இந்த மனுஷனுக்கு அந்தப் பொறுமை எங்கே!

"குடிங்க ஷேக்! வந்த காரியம் முடிஞ்சது. கேட்டது உங்களுக்குத்தான்!"

"என்னன்னு நீ கேக்கவே இல்லையே தைசீர்?"

"எதுக்குக் கேக்கணும்? கொடுத்தாச்சு. இருபது பேரும் சாட்சி!"

ஷேக் ஒரே மடக்கில் குடித்தார். இனி வாக்கு மாறினால் தைசீர் கடைப்பக்கம் ஒரு ஈ காக்கை வராது. ஹுஸ்னா குலவையிட்டாள். ருவைதா முகத்தை மூடிக்கொண்டாள்.

ஷேக் மீசையைத் துடைத்தபடி வெளியே பார்த்துக் குரல் கொடுத்தார். "ரக்கான், எத்தனை தப்படி வருது?"

"நூத்தி எழுவது, பெரியப்பா. ஓட்டலுக்குத் தாராளம்!" என்றான் அவன். ஜன்னல் பக்கம் திரும்பக்கூட இல்லை.

குலவை பாதியில் நின்றது.

"அப்ப... என் பொண்ணு?" என்றார் தைசீர்.

"அவளை நீயே வெச்சுக்க. ஸ்டேஷன் சாவியை எடு."